புதுப் பாக்கெட், புதுச் சுவை: வாங்குவது முதல் திகட்டுவது வரை

பெட்டிக்கடை வாசலில் சரஞ்சரமாகத் தொங்கும் ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ப் பாக்கெட்டுகளில் பழைய பெயர்கள் அப்படியே இருக்க, நிறமும் சுவையும் மட்டும் ஓயாமல் மாறிக்கொண்டிருக்கின்றன. பல்பொருள் அங்காடிக்குப் போனால் கொரிய நூடுல்ஸ், சிறுதானியச் சிப்ஸ், சர்க்கரை சேர்க்காத சாக்லேட் என்று பட்டியல் இன்னும் நீள்கிறது. துரித உணவுக் கடைகளோ, சில வாரங்களுக்கு மட்டும் என்று சொல்லி ஒரு பர்கரையோ கோழி வறுவலையோ கொண்டுவந்துவிட்டு, பிறகு சத்தமில்லாமல் எடுத்துவிடுகின்றன. இவற்றை உண்ணலாமா கூடாதா என்ற வாதத்துக்குள் இக்கட்டுரை போகவில்லை. புதிதாக ஒன்றை வாங்குகிறவர் எதைப் பார்த்து வாங்குவது, எப்படிச் சுவைப்பது, மறுபடி வாங்குவதா வேண்டாமா என்று எதைக் கொண்டு முடிவு செய்வது ஆகியவற்றை மட்டுமே இது சொல்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி ஒன்று உண்டு. உப்பு, புளிப்பு, சர்க்கரை, சுவையூக்கி ஆகிய நான்கும் நாக்கைத் தொட்ட கணத்திலேயே பிடித்துப்போகும்படிதான் மசாலாத் தூள் கலக்கப்படுகிறது. ஆகையால் முதல் வாய் அநேகமாக எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். பாக்கெட் பாதிக்கு வந்து நாக்கு அந்தத் தூளுக்குப் பழகியபின், திகட்டுகிறதா, தொண்டையில் எண்ணெய் படிகிறதா, அடுத்த வில்லைக்குக் கை தானாகப் போகிறதா அல்லது பழக்கத்தால் போகிறதா என்று கவனிப்பதே தீர்ப்புக்கு உரிய இடம். கீழே வரும் முறைகள் யாவும் அந்த இடத்துக்கு நிதானமாகப் போய்ச் சேர்வதற்கானவை.

கடையில் நிற்கும்போது

புதிய சுவை எதுவானாலும் கிடைப்பதில் மிகச் சிறிய பாக்கெட்டையே வாங்க வேண்டும். பெரிய பாக்கெட்டில் கிராம் கணக்கில் விலை குறைவு என்பது உண்மைதான். அதிகபட்ச சில்லறை விலையுடன் ஒரு கிராமுக்கு எவ்வளவு என்ற அலகு விலையும் இப்போது அச்சிடப்படுவதால் அதை ஒப்பிட்டுப் பார்ப்பதும் எளிது. ஆனால், காசு கொடுத்தாயிற்றே என்று பிடிக்காததையும் தின்று தீர்க்கும் பழக்கம் நம் வீடுகளில் வலுவாக இருப்பதால், பிடிக்காமல் போன பெரிய பாக்கெட் இரட்டை நட்டமாக முடிகிறது. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று ஒரு புதிய பொருளை வாசலிலேயே குவித்து வைத்திருந்தால், அதன் தேதியை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டுக் கையில் எடுப்பது நல்லது.

தேதிகளில் இரண்டு வகை உண்டு. 'இந்தத் தேதிக்கு முன் உண்பது சிறந்தது' என்பது தரம் பற்றிய வாக்குறுதி. அந்த நாள் வரை மொறுமொறுப்பும் மணமும் குறையாமல் இருக்கும் என்று உற்பத்தியாளர் சொல்கிறார். 'இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்' என்றோ காலாவதித் தேதி என்றோ இருந்தால், அதன் பிறகு அப்பொருளைத் தொடவே கூடாது. எண்ணெயில் பொரித்த பண்டத்தைப் பொறுத்தவரை, காலாவதி ஆகாமல் இருப்பது மட்டும் போதாது. உற்பத்தியான நாளிலிருந்து ஒவ்வொரு வாரமும் எண்ணெய் காற்றோடும் வெளிச்சத்தோடும் வினைபுரிந்து காறலை நோக்கிப் போய்க்கொண்டிருப்பதால், ஒரு புதிய சிப்ஸுக்கு நியாயம் செய்ய விரும்புகிறவர் அதன் ஆயுளின் முன்பாதியில் உள்ள பாக்கெட்டைத் தேடி எடுக்க வேண்டும்.

அது எங்கே தொங்கியது என்பதும் முக்கியம். மேற்கு பார்த்த கடையின் வாசலில் பிற்பகல் வெயிலைக் குடித்துக்கொண்டிருந்த சரத்திலிருந்து கிழித்துக் கொடுக்கும் பாக்கெட்டையும், உள்ளே அலமாரியில் இருந்த அதே பாக்கெட்டையும் பிரித்து முகர்ந்தால் வேறுபாடு மூக்குக்கே தெரிந்துவிடும். உள்ளே எல்லாம் தெரியும்படியான கண்ணாடித் தாள் பாக்கெட்டுகளுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். கடைக்காரரிடம் உள்ளிருந்து எடுத்துத் தரும்படி கேட்பதில் கூச்சம் எதற்கு?

பாக்கெட் காற்றடைத்தாற்போல் விறைப்பாக இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். சிப்ஸ் பாக்கெட்டில் இருப்பது வெறும் காற்றன்று; எண்ணெய் காறிப்போகாமலும் வில்லைகள் நொறுங்காமலும் இருப்பதற்காக அடைக்கப்படும் நைட்ரஜன். பாக்கெட் தொய்ந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது, உள்ளே இருப்பது நமத்திருக்கும் என்று கொள்ளலாம். குழம்பு, சாஸ், பழச்சாறு போன்ற ஈரமான பொருள்களுக்கு இந்தக் கணக்கு நேர்மாறு; அவற்றின் உறை உப்பியிருந்தால் உள்ளே நுண்ணுயிர் பெருகி வாயு உண்டாகியிருக்கலாம் என்பதால் வாங்கவே கூடாது. (ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சிப்ஸ் பாக்கெட்டுகள் வெடித்துவிடுவதுபோல் உப்பி நிற்பதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதுதான் காரணம்.)

சைவமா அசைவமா என்பதைப் படத்தைப் பார்த்து ஊகிக்காமல் குறியைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் சைவம்; பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் இருந்தால் அசைவம். முட்டை மட்டும் சேர்ந்திருந்தாலும் பழுப்புக் குறிதான். கோழி படம் போட்ட நூடுல்ஸ் பச்சைக் குறியோடும், படத்தில் காய்கறி மட்டுமே தெரியும் சூப் பழுப்புக் குறியோடும் வருவது உண்டு. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும் பாக்கெட்டில் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பொருளாக இருந்தால் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் உரிம எண்ணும் சைவ அசைவக் குறியும் கொண்ட ஓர் ஒட்டுத்தாள் பின்பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கும். அந்த ஒட்டுத்தாள் இல்லாமல் கொரிய எழுத்து மட்டுமே உள்ள பாக்கெட், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், யார் பொறுப்பில் எந்த வழியாக வந்தது என்று சொல்ல முடியாதது.

பின்பக்கத்தைப் படித்தல்

முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம் வாக்குமூலம். சேர்மானப் பட்டியலில் எது எடையில் அதிகமோ அது முதலிலும் எது குறைவோ அது கடைசியிலும் வர வேண்டும் என்பது விதி. இந்த ஒரு விதியை அறிந்திருந்தாலே பாதி வேடம் கலைந்துவிடும். ராகிச் சிப்ஸ், தினை பிஸ்கட், பல தானிய முறுக்கு என்று பெரிய எழுத்தில் இருக்கும் பாக்கெட்டைத் திருப்பினால், பட்டியலின் தொடக்கத்தில் மைதாவோ அரிசி மாவோ சோள மாவோ நிற்பதைப் பல நேரங்களில் காணலாம். ஒரு சேர்மானத்தை முன்னிறுத்தி விற்றால் அது எத்தனை சதவீதம் என்றும் அச்சிட்டாக வேண்டும். 2023ஆம் ஆண்டு உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டதிலிருந்து குவிந்துள்ள சிறுதானியப் பண்டங்களை வாங்கும்போது அந்தச் சதவீதத்தைத் தேடிப் படிப்பது பயன் தரும். அது ஒற்றை இலக்கத்தில் இருந்தால், பெயருக்குச் சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள்.

எண்களைக் கண்டு மிரள வேண்டாம். 330 சிட்ரிக் அமிலம்; எலுமிச்சைப் புளிப்பு. 627, 631 ஆகியவை சுவையூக்கிகள். இவ்விரண்டும் சேர்ந்து வரும் பாக்கெட்தான் கையை நிறுத்தவிடாமல் இழுக்கும். 621 என்பது மோனோசோடியம் குளுட்டமேட். தக்காளியிலும் நாள்பட்ட பாலாடைக்கட்டியிலும் இயற்கையாகவே இருக்கும் குளுட்டமேட்டின் உப்பு வடிவம்தான் அது. அதைச் சேர்க்கவில்லை என்று முன்பக்கத்தில் பெருமையாக எழுதிவிட்டு, பின்பக்கத்தில் ஈஸ்ட் சாற்றையோ நீராற்பகுத்த தாவரப் புரதத்தையோ சேர்த்திருந்தால், நாக்கில் நிகழ்வது ஏறக்குறைய அதேதான்.

ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மட்டும் இந்தப் பகுதி விளையாட்டன்று. கோதுமை முதலிய பசையம் உள்ள தானியங்கள், பால், முட்டை, மீன், இறால் நண்டு வகைகள், நிலக்கடலை, முந்திரி போன்ற கொட்டைகள், சோயா ஆகியவை இருந்தால் தனியே குறிப்பிடப்பட்டிருக்கும். கிழக்காசிய நூடுல்ஸ் சாந்துகளில் இறாலும் மீனும் சோயாவும் எதிர்பாராத இடத்தில் கலந்திருப்பதால், இறால் ஒத்துக்கொள்ளாதவர் 'காய்கறிச் சுவை' என்ற சொல்லை நம்பி உறையைப் பிரித்துவிடக் கூடாது.

சத்து அட்டவணையில் பார்க்க வேண்டிய வரி சோடியம். 100 கிராமுக்கு எவ்வளவு என்றும், ஒரு பரிமாறலுக்கு ஒரு நாள் தேவையில் எத்தனை சதவீதம் என்றும் போட்டிருப்பார்கள். தந்திரம் அந்தப் பரிமாறல் அளவில்தான் இருக்கிறது. 50 கிராம் பாக்கெட்டை யாரும் இரண்டு நாள் வைத்துத் தின்பதில்லை, அட்டவணையோ 25 கிராமுக்குக் கணக்குச் சொல்லும். ஆகவே 100 கிராம் கணக்கை எடுத்துக்கொண்டு நாமே பெருக்கிக்கொள்வது நேரானது. 100 கிராமில் 750 மில்லிகிராம் சோடியம் என்றிருந்தால், 50 கிராம் பாக்கெட்டில் 375. நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராம், அதாவது 5 கிராம் உப்பு என்ற உச்சவரம்பில் அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. சோடியத்தை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் எடை கிடைக்கும். இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுத்துக்கொள்ளும் பெரியவர்கள் உள்ள வீட்டில் புதிய அப்பளமோ ஊறுகாயோ நூடுல்ஸோ வரும்போது இந்த ஒரு பெருக்கலைச் செய்துவிட்டே தட்டில் வைக்க வேண்டும்.

சர்க்கரை சேர்க்காத மிட்டாய், சாக்லேட் வகைகளில் மால்டிட்டால், சார்பிட்டால் போன்ற இனிப்பூட்டிகள் இருந்தால் அதிகம் தின்றால் வயிற்றைக் கலக்கும். பாக்கெட்டிலேயே அந்த எச்சரிக்கை இருக்கும். காஃபின் பானங்கள் குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் உரியவை அல்ல என்பதும் அவற்றின் மீதே அச்சிடப்பட்டிருக்கிறது.

வாயில் போடும்போது

பசியோடு இருக்கும்போது எதையும் சுவைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. சாயங்காலம் நான்கு மணிக்கு அலுவலகத்திலிருந்தோ பள்ளியிலிருந்தோ வந்து பிரிக்கும் பாக்கெட் எதுவாக இருந்தாலும் அமிர்தமாகத்தான் தோன்றும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆன, வெற்றிலை பாக்கோ காப்பியோ வாயில் மணக்காத நேரமே ஏற்றது. பக்கத்தில் ஒரு டம்ளர் வெறும் தண்ணீர் போதும். ஒரே அமர்வில் இரண்டு மூன்று வகைகளுக்கு மேல் போகாமல், சாதாவான வகையிலிருந்து உறைப்பான வகைக்குப் போவது முறை. மிளகாய் முதலில் வந்துவிட்டால் நாக்கு மரத்து, அடுத்து வருவது எல்லாம் சப்பென்று ஆகிவிடும்.

பாக்கெட்டைப் பிரித்ததும் மூக்கருகே கொண்டுபோய் ஒரு மூச்சு இழுக்க வேண்டும். நல்ல பண்டத்தில் வறுத்த உருளைக்கிழங்கோ கடலை மாவோ முதலில் மணந்து, மசாலா அதன் பின்னே வரும். காறல் வாடையோ, பழைய எண்ணெயின் சிக்கு வாடையோ, மெழுகுவர்த்தியை நினைவூட்டும் ஒரு நெடியோ வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். பிறகு ஒரு தட்டில் கொட்டிப் பார்க்க வேண்டும். நேராகப் பாக்கெட்டுக்குள் கையை விட்டுத் தின்கிறவருக்கு எத்தனை வில்லை கருகியிருக்கிறது, எவ்வளவு தூளாக நொறுங்கியிருக்கிறது, எவ்வளவுதான் இருந்தது என்பதெல்லாம் தெரிவதே இல்லை.

இப்போது ஒரு வில்லையை எடுத்து இரண்டாக ஒடிக்க வேண்டும். காதுக்கருகே வைத்து ஒடித்தால் சட்டென்று ஒரே ஒலியாக முறிகிறதா, வளைந்து பிறகு விட்டுக்கொடுக்கிறதா என்பது தெரியும். வளைந்தால் ஈரம் ஏறிவிட்டது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் மழைக்காலத்தில் பிரித்து வைத்த சிப்ஸ் சிறிது நேரத்திலேயே நமக்கத் தொடங்கிவிடும் என்பதால் இந்தச் சோதனையைப் பிரித்த உடனே செய்துவிட வேண்டும். அடுத்து, மசாலா ஒட்டியிருக்கும் பக்கத்தைக் கவனிக்கலாம். சுவைத் தூள் பெரும்பாலும் இரு பக்கமும் ஒரே சீராகப் படிந்திருக்காது. தூள் அதிகம் உள்ள பக்கம் நாக்கில் படுமாறு பாதித் துண்டையும், மற்றப் பக்கம் படுமாறு மீதிப் பாதியையும் வைத்துப் பார்த்தால், பண்டத்தின் சொந்தச் சுவை எது, மேலே தூவியது எது என்று பிரித்தறிய முடியும். தூளை நீக்கினால் அடியில் ஒன்றுமே இல்லை என்று தெரியவந்தால், அந்நிறுவனத்தின் எல்லாச் சுவைகளும் ஒரே அட்டையின் மீது பூசிய வெவ்வேறு வண்ணங்கள்தாம் என்று முடிவுகட்டிவிடலாம்.

மென்று விழுங்கியபின் அரை நிமிடம் சும்மா இருக்க வேண்டும். இந்த இடைவெளியில்தான் பண்டம் தன்னைக் காட்டிக்கொடுக்கும். உப்புக் கரிப்பு நாக்கின் ஓரங்களில் தங்குகிறதா, மேலண்ணத்தில் மெழுகு பூசினாற்போல் கொழுப்பு படிகிறதா, செயற்கை இனிப்பூட்டியின் கசப்பு பின்னால் வருகிறதா என்று பார்க்கலாம். பிறகு வழக்கமாகத் தின்பதுபோல் தின்றுகொண்டே போய், பாக்கெட் பாதியானதும் நிறுத்தி, தண்ணீர் குடித்து, சற்றுப் பொறுத்து மறுபடி ஒன்றை எடுக்க வேண்டும். அப்போதும் அது முதல் வில்லையைப்போல் இருந்தால் நல்ல சரக்கு. வெறும் காரச்சேவும் முறுக்கும் தலைமுறைகளாக நம் வீடுகளில் நிலைத்திருப்பதற்குக் காரணம் அவை முதல் வாயில் அசத்துவதன்று, பத்தாவது வாயிலும் திகட்டாமல் இருப்பதுதான். மணப்பாறை முறுக்கைச் சாப்பிட்டுவிட்டு ஒரு பாலாடைக்கட்டிச் சுவைப் பஃப்ஸைச் சாப்பிட்டால் இது விளங்கும்.

தனியே சுவைத்தது போக, அது உண்மையில் எதோடு உண்ணப்படுமோ அதோடும் ஒருமுறை பார்க்க வேண்டும். நம்மில் பலருக்கு மிக்சரும் பிஸ்கட்டும் தேநீருக்காகவே இருக்கின்றன. சூடான தேநீர் பட்டதும் சில மசாலாக்களின் காரம் இரட்டிப்பாகும், சில பிஸ்கட்டுகளின் வனஸ்பதித் தன்மை அப்பட்டமாகும். சிப்ஸுக்கோ தயிர்சாதம்தான் இறுதித் தேர்வு. புளிப்பும் இனிப்பும் தூவிய தக்காளிச் சுவை, பாலாடைக்கட்டியும் வெங்காயமும் கலந்த சுவை போன்றவை தனியே நன்றாக இருந்தாலும் தயிரின் புளிப்போடு மோதிக்கொள்ளும். வெறும் உப்பும் மிளகாயும் போட்டவை பொருந்திப்போகும். எத்தனை புதுமை வந்தாலும் என் வீட்டில் உப்புச் சிப்ஸே மறுபடி மறுபடி வாங்கப்படுவதன் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

பழைய பொருளைவிடப் புதியது மேல் என்று வீட்டில் ஒருவர் அடித்துச் சொன்னால், உணவு ஆய்வுக்கூடங்களில் கையாளும் முக்கோணச் சோதனையைச் செய்து பார்க்கலாம். ஒரே மாதிரியான மூன்று கிண்ணங்களில் இரண்டில் பழையதையும் ஒன்றில் புதியதையும் போட்டு, எதில் எது என்று சொல்லாமல், வேறுபட்டது எது என்று கேட்க வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு. எனவே கிண்ணங்களை மாற்றி மாற்றிச் சில முறை கேட்க வேண்டும். உறையைப் பார்க்காமல் வேறுபாடே காண முடியவில்லை என்றால், கூடுதல் விலை உறைக்குத்தான் போகிறது.

காரப் பந்தயங்களும் கொரிய நூடுல்ஸும்

அதிகக் காரம் கொண்ட நூடுல்ஸ்களுக்குத் தனியே சில சொற்கள் தேவை. 2024 ஜூனில் டென்மார்க்கின் உணவுக் கட்டுப்பாட்டுத் துறை, மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் என்ற பொருளின் அளவு மிகுதி என்று கருதி, சாம்யாங் நிறுவனத்தின் புல்டாக் நூடுல்ஸில் மூன்று வகைகளைத் திரும்பப் பெறச் சொன்னது. அடுத்த மாதமே இரண்டு வகைகளின் மீதான தடையை விலக்கிக்கொண்டது, 'மூன்று மடங்கு காரம்' வகைக்கு மட்டும் தடையை நீட்டித்தது. ஆந்திர மிளகாயில் வளர்ந்த நாக்குக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா என்று கேட்பவர்கள் உண்டு. நம் குழம்பின் காரம் புளியோடும் எண்ணெயோடும் சோற்றோடும் சேர்ந்து வருவது. அந்தச் சாந்தின் காரம் செறிவூட்டப்பட்டு, இனிப்போடு கலந்து, சற்றுத் தாமதித்துத் தாக்குவது. இனிப்பை நம்பி வேகமாக நான்கு வாய் தின்றபிறகுதான் உறைப்பு ஏறத் தொடங்கும்.

ஆகவே முதல் தடவை சாந்துப் பொட்டலத்தில் பாதியை மட்டும் ஊற்றுவது அறிவுடைமை. மீதியைப் பொட்டலத்தோடு மடித்து மூடி வைத்தால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். ஊற்றியதைத் திரும்ப எடுக்க முடியாது. அடுப்பில் வைத்துக் கிளறும்போது வாணலிக்கு மேல் முகத்தை நீட்டக் கூடாது, அந்த ஆவி கண்ணையும் தொண்டையையும் ஒருசேரப் பிடிக்கும். தாங்க முடியாமல் போனால் தண்ணீர் பயன்படாது; கேப்சைசின் தண்ணீரில் கரையாமல் கொழுப்பில் கரைவதால் பாலோ தயிரோதான் உதவும். முட்டை, பாலாடைக்கட்டி, காய்கறி என்று அலங்கரிப்பதை எல்லாம் இரண்டாம் தடவைக்கு ஒத்திவைத்துவிட்டு, முதல் தடவை உறையில் சொன்ன தண்ணீர் அளவையும் நிமிடக் கணக்கையும் அப்படியே பின்பற்றினால்தான் பொருளின் உண்மை முகம் தெரியும். குழந்தைகளையும், வயிற்றுப்புண் உள்ளவர்களையும், நண்பர்களின் பந்தயத்துக்காக வெறும் வயிற்றில் உட்காருகிறவர்களையும் இதில் சேர்க்கக் கூடாது.

துரித உணவுக் கடையில்

கடையில் அறிமுகமாகும் புதிய உணவை வீட்டுக்கு வரவழைத்துச் சுவைத்துவிட்டு அந்தக் கடையைக் குறைசொல்வது முறையன்று. பொரித்த உருளைக்கிழங்கின் மொறுமொறுப்பு எண்ணெயிலிருந்து எடுத்த சில நிமிடங்களுக்கே உரியது. மூடிய அட்டைப்பெட்டிக்குள் அதன் ஆவியே அதை நனைத்துவிடுகிறது. கோழி வறுவலின் மேலோடும் அப்படியே. முதல் தடவை கடைக்கே போய், கூட்டம் ஓரளவு இருக்கும் நேரத்தில், அதை மட்டும் தனியாக வாங்கிச் சாப்பிட வேண்டும். கூட்டம் இருந்தால் சரக்கு சூடாகப் புரண்டுகொண்டிருக்கும். குளிர்பானமும் வறுவலும் சேர்ந்த தொகுப்பை வாங்கினால் வயிறு நிறைந்துவிடும், புதியது எப்படி இருந்தது என்பது நினைவில் நிற்காது. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள உணவகங்கள் ஒவ்வொரு உணவின் கலோரியையும் பட்டியலில் காட்ட வேண்டும் என்பதால் அதையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம்.

சாஸைத் தனியாகத் தரும்படி கேட்பது ஒரு நல்ல உத்தி. பர்கரின் இறைச்சி அல்லது காய்கறி வில்லையை முதலில் ஓரத்தில் கிள்ளிச் சுவைத்து, பிறகு சாஸோடு உண்டால், புதுமை எதில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் பழைய வில்லைக்குப் புதிய சாஸ் ஊற்றிப் புதிய பெயர் வைத்திருப்பார்கள். அதில் குற்றமில்லை, ஆனால் அதற்காக ஐம்பது அறுபது ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதா என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளலாம்.

சாலையோரக் கடைகளிலும் சிறிய ஷவர்மா கடைகளிலும் சுவைக்கு முன்னால் பாதுகாப்பைப் பார்க்க வேண்டும். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸில் சால்மோனெல்லா கிருமி வளர வாய்ப்பிருப்பதால், தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு அதற்குத் தடை விதித்தது. கேரளம் அதற்கு முன்பே, 2023 ஜனவரியில், தடை செய்திருந்தது. மயோனைஸ் எதில் செய்தது, எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வாங்க வேண்டும். வெயிலில் திறந்த கிண்ணத்தில் இருந்தால் அது இல்லாமலே சாப்பிடலாம். கம்பியில் சுற்றும் இறைச்சியின் வெளிப்புறம் நன்றாக வெந்த பகுதியை மட்டும் சீவுகிறார்களா, அவசரத்தில் உள்ளே சிவந்திருப்பதையும் சேர்த்துச் சீவுகிறார்களா என்று நின்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஷவர்மாவைக் கட்டி எடுத்துப்போய் இரவில் சாப்பிடுவது கூடவே கூடாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும் என்பதால் இரண்டு மணி நேரத்துக்குள் உண்டு முடிக்க வேண்டும்.

கண்ணைப் பறிக்கும் நிறத்தையும் புகையையும் நம்ப வேண்டாம். 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாய்க்குத் தமிழகத்தில் தடை வந்தது, ரோடமின் பி என்ற ஆடைச் சாயம் அதில் கண்டறியப்பட்டதால். வாயிலிருந்து புகை வருவதற்காகத் திரவ நைட்ரஜன் ஊற்றித் தரும் பிஸ்கட்டை, சுழியத்துக்குக் கீழ் 196 டிகிரி குளிர்ச்சியுள்ள அத்திரவம் முழுதும் ஆவியாகும் முன் வாயில் போட்டால் திசு வெந்துபோகும். அதைச் சுவைத்துப் பார்க்க வேண்டிய பண்டங்களின் பட்டியலிலேயே சேர்க்கத் தேவையில்லை.

எழுதி வைப்பதும் இரண்டாம் முறையும்

தீர்ப்பை அன்றே சொல்லாமல், ஒரு வாரம் கழித்து இன்னொரு சிறிய பாக்கெட்டை வேறு கடையில் வாங்கிப் பார்ப்பது நியாயம். முதல் பாக்கெட் வெயிலில் கிடந்ததாகவோ, மசாலா கூடுதலாக விழுந்த ஒன்றாகவோ இருந்திருக்கலாம். அந்த ஒரு வாரத்தில் அதை ஒருமுறையாவது தின்னத் தோன்றியதா என்பதும் ஒரு தகவல்தான்.

கைப்பேசியில் பாக்கெட்டின் இரு பக்கங்களையும் படமெடுத்துக்கொண்டு, பெயர், எடை, விலை, வாங்கிய இடம், பாதியில் திகட்டியதா, எதோடு பொருந்தியது ஆகியவற்றை இரண்டு வரியில் எழுதினால் போதும். மதிப்பெண் போடுவதைவிட 'மறுபடி காசு கொடுத்து வாங்குவேனா' என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று எழுதுவது தெளிவானது. படம் எடுத்து வைப்பதில் இன்னொரு பயனும் உண்டு. விலை மாறாமல் எடை மட்டும் குறைவதும், ஓர் எண்ணெய்க்குப் பதில் வேறு எண்ணெய் வருவதும், 'இன்னும் சுவையாக' என்ற அறிவிப்போடு சேர்மானம் மாறுவதும் இந்தச் சந்தையில் அடிக்கடி நடப்பவை. முன்பு பிடித்திருந்தது இப்போது ஏன் பிடிக்கவில்லை என்ற ஐயம் வரும்போது பழைய படத்தை எடுத்து வைத்து ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும்.

மிச்சமானதைக் காற்றுப் புகாத மூடியுள்ள டப்பாவில் போட வேண்டும்; பாக்கெட்டின் வாயை மடித்துத் துணிக் கிளிப் போடுவது ஓரிரவுக்குத்தான் தாங்கும். நமத்துப்போன சிப்ஸையும் மிக்சரையும் எண்ணெய் இல்லாத வாணலியில் சிறு தீயில் ஒன்றிரண்டு நிமிடம் புரட்டி, ஆறவிட்டால் ஓரளவு மீட்கலாம். காறிப்போனதை எதுவும் மீட்காது.

பாக்கெட்டில் குறை இருந்தால்

பூச்சியோ, பூஞ்சையோ, வேறு ஏதேனும் பொருளோ கிடந்தால் பாக்கெட்டைக் குப்பையில் எறிந்துவிடக் கூடாது. தொகுதி எண், உற்பத்தித் தேதி, உரிம எண் ஆகியவை தெரியும்படி படமெடுத்து, மீதமுள்ள பண்டத்தோடு பாக்கெட்டை மூடி, கடை ரசீதோடு சேர்த்து வைக்க வேண்டும். பெட்டிக்கடையில் ரசீது கிடைக்காது என்பதால், அங்கே வாங்கியதென்றால் கடைக்காரரிடம் அதே சரத்தில் மீதி இருப்பதையும் காட்டச் சொல்லிப் படமெடுத்துக்கொள்ளலாம். பாக்கெட்டிலேயே நுகர்வோர் தொடர்பு எண்ணும் மின்னஞ்சலும் இருக்கும். முதலில் அங்கே எழுத்து மூலமாகத் தெரிவித்து, பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலோ, மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலோ முறையிடலாம். மாற்றுப் பாக்கெட் அனுப்புகிறோம் என்று மட்டும் நிறுவனம் சொன்னால், குறை எதனால் வந்தது என்ற விளக்கத்தையும் எழுத்தில் கேட்கலாம். அந்தத் தொகுதி எண் உள்ள வேறு பாக்கெட்டுகள் கடையில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தால் கடைக்காரருக்கும் சொல்லிவிட வேண்டும்.